ஒரே பெயரில் இரண்டு அட்டைகள்

அத்தியாயம் ஒன்பது

பதிவு அலுவலகத்தில், இறந்தோர் ஏட்டைத் திறந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோராவது வரியில் அத்தையின் பெயர் இருந்தது.

பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு எல்லாம் பொருந்தின. வயது என்ற கட்டத்தில் மட்டும் 'எட்டு மாதம்' என்று எழுதியிருந்தது.

அத்தை உயிரோடுதான் இருக்கிறார். அன்று காலைகூடக் கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்து, நான் போர்வை மடித்து வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்து, "இதை மடிப்புன்னு சொன்னா மடிப்பு கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு: பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை, குடும்ப வரலாறு பதியும் வகுப்புக்குப் போகிறேன். நான்கு தலைமுறையை ஆளுக்கு ஓர் அட்டையாக எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது பயிற்சி. அப்பா பதினாறாவது அட்டை. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை பதினேழாவது. அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்ப இரண்டு வாரம் ஆகும். அதனால் வீட்டில் இப்போது அப்பாவும் நானும், எங்கள் இருவரையும்விட அதிகமாக அந்த அட்டைகளும்தான் இருக்கிறோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தோர் ஏட்டில் அத்தையின் பெயர் இருபத்திரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை வந்திருந்தது. எழுதியவர் கைமறதியாக மறுபடியும் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பின் அடித்து, முந்தைய தேதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முறையாகச் செய்கிறேன் என்று, 'உங்கள் விவரம் சரியா?' எனக் கையால் ஒரு படிவம் எழுதி எல்லா உறவினர்களுக்கும் அனுப்பினேன். அத்தை எல்லாக் கட்டத்திலும் சரி என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு, கீழே 'கையெழுத்து நன்றாக இருக்கிறது, கோடு கொஞ்சம் கோணல்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வகுப்பு ஆசிரியை அந்த அட்டைகளைப் பார்த்ததும், "பின்னை எடுங்க" என்றார். "முதல் குழந்தை தவறிட்டா அடுத்ததுக்கும் அதே பேரை வைக்கிறது நிறைய வீட்ல நடந்திருக்கு. குடும்ப மரம் போடுறவங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்க. இந்தத் தொழில்ல சத்தமில்லாம நடக்கிற கொலை அதுதான். போய் இறந்தவங்க ஏட்டைப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். முதல் பிறப்புக்கும் இரண்டாம் பிறப்புக்கும் நடுவே இருந்தது அந்த நாற்பத்தோராவது வரி.

அதாவது, அத்தைக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். அதே பெயரில். அத்தை இத்தனை வருடமாகத் தன் பிறந்த தேதி என்று எழுதி வந்தது அந்த அக்காவின் தேதி.

இதை நான் நாலு தடவை சரிபார்த்தேன். ஐந்தாவது தடவை சரிபார்க்கும்போது வியாழக்கிழமை வந்துவிட்டது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, சலவைக்கூட மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் மருத்துவமனையின் அலுவலகத்தில் அத்தை ஓய்வுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இருபத்தேழாம் தேதி அவருக்கு அறுபது முடிகிறது. ஏட்டுப்படி முடியவில்லை. இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது.

*

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அறுபத்தைந்து வயதிலும் ஐந்தாறு கட்டடங்கள் அவரை விடவில்லை. காலையில் டீ குடித்துக்கொண்டே விரலிடுக்கில் ஒட்டிய கிரீஸைப் பழைய துணியால் துடைப்பார். முந்தின நாள் கிரீஸ் அது. எப்போதும் முந்தின நாள் கிரீஸ்தான்.

பின்னை எடுத்த பிறகு பதினேழு அந்த அக்காவுடையது, பதினெட்டு அத்தையுடையது; இரண்டையும் அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். பின் அடித்த ஓட்டை இரண்டிலும் இருந்தது.

அவர் பார்த்தார். துடைப்பதை நிறுத்தினார்.

"ஒண்ணை எடுத்துடு."

"எதைப்பா?"

"எதையாவது."

"அப்பா, இறந்தவங்க ஏட்டையும் பார்த்துட்டேன்."

டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். அப்பாவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் காத்திருக்க வேண்டும். லிஃப்ட் வருவது மாதிரி. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை.

"எங்கம்மாவுக்கு நூல் ஆலையில பகல் ஷிப்ட் கிடைச்சுது" என்று ஆரம்பித்தார். "வீட்ல பாப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்ல. நாலு வயசு. ஸ்கூல்ல அஞ்சு முடிஞ்சாத்தான் சேர்ப்பாங்க. அம்மா பெரியவளோட சர்ட்டிபிகேட்டை எடுத்து என் கையில கொடுத்தாங்க. பேர் ஒண்ணுதானே. இதைக் காட்டு, கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுன்னாங்க."

"நீங்களா கூட்டிட்டுப் போனீங்க?"

"பதினோரு வயசு எனக்கு. ஒரு கையில பாப்பா, ஒரு கையில காகிதம். ஹெட்மாஸ்டர் அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, இது உன் தங்கச்சியோட தேதியாப்பான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

துணியை மடித்து வைத்துவிட்டு, "பொய்யும் இல்ல" என்றார். "தங்கச்சியோடதுதான்."

எங்கள் குடும்பத்தில் அத்தையை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கணவரான மாமாகூடச் சில சமயம். அவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்வது மருத்துவமனையில் மட்டும்தான். அங்கேயும் பின்னால் 'மேடம்' சேர்த்து.

"அத்தைக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"இன்னிக்கு நாலு மணிக்குக் கையெழுத்துப்பா. இன்னும் இருபத்திரண்டு மாசம் வேலை இருக்கு அவங்களுக்கு."

"அம்பத்தெட்டு வயசுப் பொம்பளைகிட்ட போய், நீ இன்னொருத்தியோட காகிதத்துல வளர்ந்தவள்னு சொல்லப் போறியா? வேலை முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது. ரெஸ்ட் எடுக்கட்டும்."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவருகே போய் நின்று, என்னைப் பார்க்காமல், "அந்த அட்டையில என்னைப் பத்தி என்ன எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"பதினாறாவது அட்டைப்பா. பிறந்த தேதி, தொழில், கல்யாணத் தேதி. அவ்வளவுதான்."

"அவ்வளவு போதும்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

*

பதினொரு மணிக்கு மாமா கடைக்கு வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர் யாராவது திடீர் பிரேக் போட்டால் மாமாவின் கண்ணாடிதான் முதலில் வளையும். மாதம் ஒரு தடவை நிமிர்த்திக்கொள்ள வருவார்.

"என்ன ரிஜிஸ்டர், எத்தனை பேரைக் கண்டுபிடிச்ச இதுவரைக்கும்?"

"முப்பத்தொண்ணு மாமா."

"என் பக்கத்துல யாராவது நல்லவங்க இருந்தா சொல்லு, உங்கத்தைகிட்ட காட்டணும்."

கண்ணாடியின் கையைச் சூடுபடுத்தி நிமிர்த்தினேன். அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நீளமான பேனர். நடுவில் ஆளுயரத்துக்கு 60. சுற்றிலும் பூ.

"மருத்துவமனை வாசல்ல கட்டப்போறேன். உங்கத்தை என்னை அங்கேயே அட்மிட் பண்ணிடுவா. பண்ணட்டும், சுத்தமான பெட்ஷீட்டாவது கிடைக்கும்."

சிரித்தேன். அந்த அறுபதைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்து நீட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் தன்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நேத்து அழுதா, தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டுட்டு. கேட்டா முகம் கழுவினேன்னா. இருபது நிமிஷம் யாராவது முகம் கழுவுவாங்களா? அந்தப் புது சலவைக்கூடம் திறக்க இன்னும் நாலு மாசமாம். ஒன்பது வருஷமா அதுக்கு மனு போட்டவ இவ. சுவிட்சைப் போடப் போறது எவனோ."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"பேனர் ஆர்டர் பண்ணிட்டேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

அவர் போன பிறகு, கண்ணாடி பொருத்த ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை இரண்டு தடவை அளந்தேன். முதலில் அறுபது வந்தது. இரண்டாவது தடவை அறுபத்திரண்டு. மூன்றாவது தடவை கடைக்காரம்மாவே வந்து அளந்தார். "உனக்கு இன்னிக்குக் கை இங்க இல்ல. எங்க இருக்கோ அங்க போய்ட்டு வா" என்றார்.

வகுப்பில் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும் முன் அவரைக் கேட்க வேண்டும். அப்பா சொல்லாதே என்றார். விதி கேள் என்கிறது. விதியை எனக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறேனோ என்று பேருந்தில் வழிமுழுக்க யோசித்தேன். முடிவுக்கு வருவதற்குள் மருத்துவமனை நிறுத்தம் வந்துவிட்டது.

*

சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. இறங்கும்போதே வெந்த துணியின் ஈரவாடை முகத்தில் அடிக்கும். வெளுத்த விரிப்புகளைத் தள்ளிக்கொண்டு ஒரு டிராலி வெளியே வர, அழுக்கு மூட்டை ஏற்றிய இன்னொன்று அதே கதவில் உள்ளே போகக் காத்திருந்தது.

"பார்த்தியா?" என்றார் அத்தை, என்னைக் கண்டதும். வந்ததன் காரணத்தைக்கூடக் கேட்கவில்லை. "ஒரே கதவு. ஒன்பது வருஷமா இதைத்தான் சொல்றேன். அழுக்கு ஒரு வழியா வரணும், சுத்தம் ஒரு வழியா போகணும். புதுக் கூடத்துல மெஷினே சுவருக்கு நடுவுல. அந்தப் பக்கம் போடு, இந்தப் பக்கம் எடு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கவே பார்க்காது."

தலையணை உறைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அடுக்குவார்.

"அத்தை, அன்னிக்கு ஒரு படிவத்துல குறி போட்டுக் கொடுத்தீங்களே..."

"கோடு கோணல்னு எழுதினேனே, அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"இல்ல. தேதி தப்பு."

"என் தேதி எனக்குத் தெரியாதா?"

இரண்டு அட்டைகளையும் கொடுத்தேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று பேருந்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அத்தை ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்து, இரண்டையும் வாங்கி, விரிப்பில் கறை பார்ப்பது போல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். பதினேழு. பதினெட்டு. மறுபடி பதினேழு.

"இது யாரு?"

"உங்க அக்கா."

"எனக்கு அக்கா கிடையாது."

"எட்டு மாசம் இருந்தாங்க அத்தை. அப்புறம் பதினாலு மாசம் கழிச்சு நீங்க. அதே பேர்."

ஒரு இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. யாரோ வந்து, "மேடம், நாலாம் வார்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அத்தை எண்ணிக்கை சொல்லி அனுப்பினார். எண்ணிக்கையில் பிசகில்லை. அந்த ஆள் போன பிறகு ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எட்டு மாசத்துல ஒரு அக்கா" என்றார். "நான் அம்பத்தெட்டு. அவ எட்டு மாசம். அவளை நான் எப்படிக் கூப்பிடறது?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன் அத்தை. அட்டையில 'இறந்தார்'னு எழுதினேன். குழந்தைக்கு அப்படி எழுதலாமான்னு..."

"எழுது. என்னைவிடப் பெரியவதானே."

கொஞ்ச நேரம் பதினேழாம் அட்டையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அதான் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ஒரு நாள் கூட. பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வாசல்ல பேர் கேட்டாங்களாம். அம்மா பாப்பான்னு சொல்லிட்டு நின்னாங்களாம். மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

பிறகு நிமிர்ந்தார். "அப்போ என் தேதி எது?"

பதினெட்டைக் காட்டினேன். அவர் விரல்களை மடக்கினார்.

"இருபத்திரண்டு மாசம்" என்றேன், உதவியாக.

"எனக்குக் கணக்கு வரும்" என்றார். விரல்களைப் பார்த்தபடியே இருந்தார். "இருபத்திரண்டு மாசம்."

அந்த முகத்தில் வந்ததைச் சந்தோஷம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. வந்தது, உடனே அதற்காக வெட்கப்பட்டது போல மறைந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லத் தோன்றியது. தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். "தெரியும்" என்று சொல்லி, பள்ளிக்கூடத்து விஷயத்தையும், சொல்லாதே என்று அப்பா சொன்னதையும் சொன்னேன்.

அத்தை எழுந்து, அடுக்கிய தலையணை உறைகளை மறுபடி பிரித்து அடுக்கினார்.

*

நிர்வாக அதிகாரியின் மேசையில் படிவம் தயாராக இருந்தது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

"இன்னிக்குப் போடல சார்" என்றார் அத்தை. "தேதி தப்பு."

அதிகாரி கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டார். என் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஏட்டு எண்களைக் குறித்துக்கொண்டார். "இவ்வளவு வருஷம் கழிச்சு, கடைசி வாரத்துல வந்து, நான் சின்னவன்னு சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேம்மா" என்றார். "நீங்க அப்படின்னு சொல்லல. மேல இருக்கறவங்க அப்படித்தான் நினைப்பாங்க."

"என்ன வேணும்?"

"ரெண்டு பிறப்பு, ஒரு இறப்பு, மூணுக்கும் நகல். தப்பான காகிதம் எப்படி வந்ததுன்னு, அதைக் கொடுத்தவங்களோ கூட இருந்தவங்களோ எழுதித் தரணும். அப்புறம் ரெண்டு பேரும் வேற வேற குழந்தைங்கன்னு சொல்ல இன்னொரு சொந்தக்காரர். அந்தக் காலத்திலேயே பதினெட்டு தாண்டினவரா இருக்கணும். திங்கக்கிழமை மதியத்துக்குள்ள. இல்லைன்னா இந்தப் படிவம் அதுபாட்டுக்குப் போயிடும்."

"காகிதத்தைக் கொடுத்தது யாரும்மா?" என்று கேட்டு, பேனாவைத் திறந்தார்.

அத்தை மேசையிலிருந்து அட்டைகளை எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை வர்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் நான் போனை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"அண்ணன்கிட்ட கேட்கக் கூடாது."

"அவரைத் தவிர யாரு அத்தை எழுதித் தருவாங்க?"

"கேட்டா தருவான். கேட்டா எதையும் தருவான். அதான் கேட்க மாட்டேன்னு சொல்றேன். பதினோரு வயசுல அம்மா ஆமான்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னான். இப்போ நான் போய் இல்லைன்னு சொல்லச் சொல்லணுமா?" பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பி, "நீயும் கேட்கக் கூடாது. உன் படிவம் எதையும் நீட்டாத" என்றார்.

வழியில் மாமாவுக்குப் போன் செய்தார். "பேனரை நிறுத்துங்க. இல்ல, பிடிச்சிருக்கு. நிறுத்துங்க. வந்து சொல்றேன்."

*

ஆறு மணி வகுப்புக்கு அன்று நான் போகவில்லை. சேர்ந்ததிலிருந்து முதல் தடவை.

வீட்டில் அப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். வழக்கமாக ஏழாகும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். விரலிடுக்கில் கிரீஸ் இல்லாத அப்பாவைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது.

அத்தை உட்கார்ந்தார். நான் நின்றேன். எப்போதும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே பேச்சைத் தொடங்குகிற இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல."

"ம்."

அத்தை அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சில நிமிடங்களில் எத்தனை தடவை வாயைத் திறந்து மூடினேன் என்று தெரியவில்லை. அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதற்காக.

அப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். மடிப்புகளில் நைந்து, நாலு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். அதைத் தங்கையின் முன்னால் வைத்து நேராக்கினார்.

"இது உன்னுது."

பதினெட்டாவது அட்டையின் தேதி. ஏட்டில் நான் பார்த்த அதே எண்.

"அம்மா போனப்போ அவங்க பெட்டியில இருந்துச்சு. கொடுக்கணும்னுதான் எடுத்தேன். எடுத்து..." அப்பா நிறுத்தினார். "பதினாறு வருஷம் ஆயிடுச்சு."

அத்தை காகிதத்தைத் தொடவில்லை. "என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. காலையில இவகிட்ட சொல்லாதேன்னு ஏன் சொன்ன?"

"பயம்."

"என்ன பயம்?"

"நீ என்னை ஏன்டான்னு கேட்பேன்னு."

"ஏன்டா?" என்றார் அத்தை.

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பழைய துணியைத் தேடினார்; அது அன்று கையில் இல்லை. அத்தை தன் முந்தானையின் முனையை நீட்டினார். "வெளுத்தது. பயப்படாம துடைச்சுக்க."

பிறகு அப்பாவே என்னிடம் வெள்ளைத் தாள் கேட்டார். மெதுவாக எழுதுகிறவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் திருகி இறுக்கி வைப்பது போல எழுதுவார். அத்தை எதிரே இருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, 'நான் கொடுத்தேன்'னு எழுதற? அம்மா கொடுக்கச் சொன்னாங்கன்னு எழுது."

"அம்மா ஆலையில இருந்தாங்க. ஸ்கூல்ல நின்னது நான்."

"பதினோரு வயசு உனக்கு."

"அதையும் எழுதறேன். சும்மா இரு."

அத்தை சும்மா இருந்தார். அப்பா எழுதி முடித்துக் கையெழுத்திட்ட பிறகு, அத்தை "எப்படி இருந்தா?" என்று கேட்டார்.

யாரை என்று அப்பா கேட்கவில்லை. "எனக்கு அப்போ அஞ்சு வயசு. தூங்கவே தூங்காது. எல்லாரும் படுத்தாச்சுன்னா உட்கார்ந்துக்கிட்டு எங்களை ஒவ்வொருத்தரா பார்க்கும்." யோசித்தார். "அவ்வளவுதான் இருக்கு என்கிட்ட."

அத்தை மெதுவாகத் தலையசைத்தார். நான் பதினேழாவது அட்டையை எடுத்து, குறிப்பு என்ற கட்டத்தில் அதை எழுதினேன். அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

"இன்னொரு சாட்சி வேணும்" என்றார் அத்தை. "அப்போ பெரியவங்களா இருந்தவங்க. அதுக்கு எங்க போறது? யாரு இருக்கா இப்போ?"

எனக்கு ஏட்டின் கடைசிக் கட்டம் நினைவுக்கு வந்தது. பகலெல்லாம் அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. "அப்பா, இறப்பைப் பதிஞ்சவர்னு ஒரு கையெழுத்து இருக்கு. உறவுங்கற இடத்துல தாய்மாமன்னு எழுதியிருக்கு. உங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னு சொன்னீங்களே? அப்படித்தான் நான் அட்டையில..."

அப்பா பேனாவை மூடினார்.

"கூடப்பிறந்தவர் இருந்தாரு. ஒரு தம்பி. பாப்பாவுக்கு அந்தப் பேர் வச்ச அன்னிக்குச் சண்டை. போனவளோட பேரை இவ தலையில கட்டாதேன்னாரு. அம்மா கேட்கல. சட்டையை மாட்டிக்கிட்டுப் போனாரு. அப்புறம் வரல."

"செத்துட்டாரா?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பத்து மாடிக் கட்டடம் ஒண்ணு இருக்கே, ஆத்தங்கரை ரோட்ல. ஆறாவது மாடி. வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்க லிஃப்ட் பார்க்கப் போறேன். ஒரே பெட்டியில நின்னிருக்கோம்."

"பேசுவீங்களா?"

"ஆறான்னு கேட்பேன். ஆமாம்பாரு."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் அந்த நைந்த காகிதத்தை முதல் தடவையாகக் கையில் எடுத்து, மடிப்பு வழியாகவே மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுத்த சர்வீஸ் எப்போ?"

"அடுத்த மாசம்தான்."

"அப்போ நாளைக்குச் சும்மா போவோம்" என்றார் அத்தை. "நீ லிஃப்ட்ல வா. எனக்கு அவர்கிட்ட என்ன பேசறதுன்னு யோசிக்கணும். நான் படியில வர்றேன்."